கடல், பெண்பால்

ஃபியக்ரா,
படிவங்களை அலுவலகத்துக்கு எடுத்துப்போனது நான்தான்.
ஸ்பானிஷுக்கு நேரே நீ போட்ட கோட்டைப் பார்த்தேன்.
அளவுகோல் வைத்துப் போட்டிருந்தாய்.
வேறெந்தப் பாடத்துக்கும் நீ
அத்தனை அக்கறை காட்டியதில்லை.

காரணம் என்ற கட்டத்தில்
திமிராக ஸ்பானிஷிலேயே எழுதியிருந்தாய்:
'சோய் அபுர்ரிதோ.'
சலித்துவிட்டது என்று சொல்ல நினைத்தாய்.
நான் ஓர் அறுவை என்று
எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறாய்.

சிரித்தேன்.
இந்தச் சிரிப்பைப் பங்குபோட
இனி வகுப்பில் நாலே பேர் என்பது
படியிறங்கும்போதுதான் உறைத்தது.

உன் கட்சி எனக்குத் தெரியும்.
மேசை ஏன் அவள், பாலம் ஏன் அவன்,
மூச்சில்லாத சாமான்களுக்கெல்லாம்
பிறப்புச் சான்றிதழ் கொடுத்தது யார்?
'இரு' என்கிற ஒரே வினைக்கு எதற்கு இரண்டு சொல்?
கைபேசி இருக்கையில் எதற்கு இந்த மண்டையிடி?

சரி, கைபேசியைப் பற்றியே சொல்கிறேன்.

போன சனிக்கிழமை. கில்லிபெக்ஸ் முழுக்க மழை.
மருந்துக்கடையில்
இருமல் மருந்துப் புட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.
காற்றுக்கு ஒதுங்கிய விகோ கப்பலில் இருந்து
ஒருவர் வந்தார். உஷியோ என்று பெயர்.
ஒரு பக்கக் கன்னம் பந்தாக வீங்கியிருந்தது.
வாயைத் திறந்தேன்.
நாலு வருடப் பாடமும்
மீன்முள்ளாய்த் தொண்டையில் குறுக்கே நின்றது.

அவர் கைபேசியை நீட்டினார்.
அது பிசிறில்லாமல் பேசியது,
எந்தப் பல், எத்தனை நாள், எந்த மருந்து ஒவ்வாது.
மாத்திரை. சில்லறை. நன்றி.
மூன்றே நிமிடம்.
உன் கட்சிதான் ஜெயித்தது.

கைபேசியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டும்
அவர் கிளம்பவில்லை, மழை விடட்டும் என்று.
கண்ணாடிக்கு அப்பால் துறைமுகத்தைப் பார்த்தபடி
யாரிடமும் இல்லாமல் சொன்னார்:
'எஸ்தா பிராவா லா மார்.'

லா மார்!
தூக்கிவாரிப்போட்டது எனக்கு.
போன தேர்வில் அப்படி எழுதித்தான்
அரை மதிப்பெண் போனது.
கடல் ஆண்பால், எல் மார் என்று
சிவப்பு மையில் இரண்டு அடிக்கோடு.

முள் எப்படி இறங்கியதோ,
உடைசலும் நெளிசலுமாகக் கேட்டுவிட்டேன்:
ஐயா, கடல் அவன் இல்லையா?

வீங்கிய கன்னத்தோடு சிரித்தால் வலிக்கும்.
வலிக்க வலிக்கச் சிரித்தார்.
கரையில் இருப்பவர்களுக்கு அவன், என்றார்,
அதில் பிழைக்கிறவர்களுக்கு அவள்.
பிறகு எனக்காகச் சொல் சொல்லாக நிறுத்தி,
வீட்டில் தங்களுக்குக் காலிசிய மொழி என்றும்
ஆறு வயதுவரை ஸ்பானிஷ் தெரியாதென்றும்
பெஞ்சில் உட்கார்ந்து கற்றதுதானென்றும் சொன்னார்.
இன்னும் என்னென்னவோ சொன்னார்.

பாதிதான் புரிந்தது.
மீதிப் பாதி, மூலையில் சாத்திய ஈரக்குடையாக
இன்னமும் சொட்டிக்கொண்டிருக்கிறது.
திங்கட்கிழமை நான் வகுப்புக்குப் போனது
அதைத் துடைக்கத்தான்.

ராத்திரி அதே வாக்கியத்தைக் கைபேசியிடம் கொடுத்தேன்.
'கடல் கொந்தளிப்பாக இருக்கிறது' என்றது.
ஒரு பிழை சொல்ல முடியாது.
அவள் மட்டும் அதில் இல்லை.

நீயும்தான் உன் அப்பாவின் படகை
வாய்க்கு வாய் 'அவள்' என்கிறாய்.
அந்தச் சான்றிதழ் யார் கொடுத்ததாம்?

இரண்டு 'இரு' எதற்கு என்றாயே.
ஒன்று, இயல்பே அப்படி என்பதற்கு.
மற்றது, இப்போதைக்கு அப்படி என்பதற்கு.
அவர் சொன்னது இரண்டாவதை.
அவள் இப்போதைக்குச் சீறுகிறாள், அவ்வளவே.
ஞாயிறு காலை அடங்கிவிட்டாள்,
கப்பல் போய்விட்டது.

வெள்ளிக்கிழமைவரை படிவத்தைத் திருத்தலாமாம்.
கோட்டை அழி என்று நான் சொல்லவில்லை.
காரணத்தையாவது திருத்து, மானம் போகிறது.
ஒரே சொல்: 'எஸ்தோய்'.
இப்போதைக்குச் சலிப்பு.
அதை எழுதியபிறகு
கோட்டை இன்னொரு முறை பார்.

என் அழிப்பான்
செப்டம்பரிலிருந்து உன் பையில்தான் இருக்கிறது.